மூர் மலையில் ஒரு பகல்

“நாற்பத்தைந்து வயசில் மலையேற்றமா? முழங்கால் என்னாகும்?” என்று என் கணவர் கேலி செய்தார். போன ஆகஸ்டில் மான்செஸ்டரிலுள்ள என் தம்பி வீட்டுக்குப் போனபோது, இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மலைக்கு ஒரு நாள் நடையாகப் போனோம். தம்பி, அவன் மனைவி, ஒன்பது வயது மகன், நான் என்று நாலு பேர்.

உயரம் 636 மீட்டர்தான். கொடைக்கானல் பார்த்த நமக்கு இது ஒரு உயரமா என்று தோன்றும். ஆனால் மேலே மரமே கிடையாது. ‘மூர்’ என்கிற பரந்த பொட்டல் மேடு. ஊதாப் பூப் பூத்த ஹெதர் புதர்கள். நடுவே, செடிகள் ஆயிரக்கணக்கான வருஷமாக அரைகுறையாய் மக்கிச் சேர்ந்த கறுப்புச் சேறு. கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும்!

முதல் நாளே திட்டம்

கல்யாணச் சமையலுக்கு உட்கார்ந்து கணக்குப் போடுவோமே, அதே போல்தான் இதுவும். சமையல் மேஜையில் வரைபடத்தை விரித்தோம். அதில் 4 செ.மீ. என்பது 1 கி.மீ. ஈடேல் ரயில் நிலையத்திலிருந்து ‘ஜேக்கப்ஸ் லேடர்’ என்ற கல்படி வழியாக ஏறி, கிண்டர் லோ கடந்து, கிண்டர் டவுன்ஃபால் அருவி வரை போய்த் திரும்ப ஏறக்குறைய 19 கி.மீ.

1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு சுலபம்: 5 கி.மீ.க்கு ஒரு மணி. 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. எங்களுக்கு நாலரை மணி வந்தது. குழந்தைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஏழு மணி என்று வைத்தேன். “பகல் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பல், மூடுபனி வந்தால் அப்போதே திரும்பல்” என்று தாளில் பெரிதாக எழுதினேன்.

பையில் வைத்தவை

மழைக்கோட்டு, ஆளுக்கொரு கம்பளி ஸ்வெட்டர் கூடுதல், திசைகாட்டி, டார்ச், விசில், பிளாஸ்கில் சூடான பால், உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய சப்பாத்தி, கடலை மிட்டாய். ஜீன்ஸ் வேண்டாம்; பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். செல்போன் உண்டு, ஆனால் மலையில் சிக்னலை நம்ப முடியாது.

நடந்தது

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். கல்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. முழங்கால் சொன்னபடி கேட்டது. வழியில் தம்பி கதை சொன்னான். ஒரு காலத்தில் இந்த மூர், பணக்காரர்கள் பறவை வேட்டையாட மட்டும் பூட்டி வைத்த இடமாம். 1932 ஏப்ரல் 24-ல் நூற்றுக்கணக்கான சாதாரண ஜனங்கள் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். இன்று நாம் நடப்பதற்கு அவர்களும் ஒரு காரணம்.

பன்னிரண்டேகாலுக்குக் கிண்டர் லோ. திடீரென்று மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. “இன்னும் மூணு கிலோமீட்டர்தானேக்கா, அருவியைப் பார்த்துட்டுப் போயிடலாம்” என்றான் தம்பி. எனக்கும் ஆசைதான்.

அப்போதுதான் பையனைக் கவனித்தேன். ஓயாமல் பேசுகிற பிள்ளை, கால்மணியாகப் பேசவே இல்லை. உதடு நடுங்கியது, இரண்டு முறை தடுக்கினான். “குளுருதாடா?” என்றதற்கு, “தெரியல அத்தை” என்று குழறினான். உடம்புச் சூடு இறங்குவதற்கு இவையெல்லாம் அறிகுறி.

தாளை எடுத்துத் தம்பியிடம் நீட்டினேன். “நேத்து ராத்திரி நீயும் சரின்னுதானே சொன்னே?” அவன் பதில் பேசவில்லை. பாறை மறைவில் ஈரச் சட்டையைக் கழற்றி, உலர்ந்த ஸ்வெட்டர் போட்டு, சூடான பாலும் மிட்டாயும் கொடுத்தோம். தம்பி மனைவி திசைகாட்டி பார்த்து முன்னே நடக்க, ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். படிக்கு வந்தபோது பையன், “அத்தை, இன்னொரு மிட்டாய் இருக்கா?” என்றான். எனக்கு உயிர் வந்தது.

சகோதரிகளே, குழந்தைகளோடு மலைக்குப் போனால் திரும்பும் நேரத்தை முதல் நாளே எழுதி வையுங்கள். வழி தவறினால் நிமிஷத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிஷம் நிறுத்தி மறுபடி ஆறு. இது அங்கே உதவி கேட்கும் அடையாளம். நடுங்கும் குழந்தையை விட எந்த அருவியும் பெரிதில்லை.

அருவியை நான் இன்னும் பார்க்கவில்லை. தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.