வழிகாட்டி நூல் இருந்தால் போதுமா?

1954இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஏ.சி.எஸ்.எம். என்ற விளையாட்டு மருத்துவ அமைப்பு, உடற்பயிற்சி உடலியல் பட்டதாரிகளுக்குச் சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது. இதற்கு வழிகாட்டி நூல்கள் கிடைக்கின்றன. நூலை வாங்கியதும் முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்வது நம் பிள்ளைகளின் வழக்கம். இங்கே அது உதவாது.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த அமைப்பே வெளியிடும் தேர்வுப் பாடத்திட்டம். எந்தப் பகுதிக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று அதில் இருக்கும். அடுத்து, நூலிலுள்ள மாதிரித் தேர்வை எழுதிப் பார்த்து, தவறிய பகுதிகளுக்குக் கூடுதல் நாட்களை ஒதுக்க வேண்டும்.

கணக்குகளைக் கையால் போட்டுப் பழக வேண்டும். உதாரணமாக, சமதரையில் நிமிடத்திற்கு 80 மீட்டர் நடப்பவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்திற்கு 11.5 மில்லி ஆக்சிஜன் தேவை: 80ஐ 0.1ஆல் பெருக்கி, ஓய்வுநிலைத் தேவையான 3.5ஐக் கூட்ட வேண்டும்.

பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். பயிற்சிக்கு முந்தைய பரிசோதனை விதிகளையே 2015இல் மாற்றிவிட்டார்கள்.

விடை சரியா என்பதோடு நின்றுவிடாமல், ஏன் சரி என்பதையும் கேட்டுப் படிக்க வேண்டும். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிக்கு நாடித்துடிப்பு வழக்கம்போல் உயராது. வயதை வைத்துக் கணக்கிட்ட துடிப்பை எட்டச் சொன்னால், அவர் அளவுக்கு மீறி உழைத்துவிடுவார். அவர் உணரும் களைப்பையும் கேட்டறிய வேண்டும். காரணம் புரியாமல் தேர்வில் தேறினால், நாளை பாதிக்கப்படுவது நோயாளிதான்.