இருக்கையும் இன்னலும்

செஞ்சி என்னும் பெயரைக் கேட்ட அளவிலே நம்மனோர் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவன மூன்று மலைகளும், அவற்றைச் சூழ்ந்த மதில்களும், குதிரை ஊர்ந்து சென்று 1714ஆம் ஆண்டிற் போர்க்களத்தில் மாண்ட தேசிங்கு ராஜனுமே ஆம். ஆயின் இக்கட்டுரை குதிரைமேல் வீற்றிருந்த அவ்வீரனைப் பற்றியதன்று; அம்மலையடிவாரத்து ஊரில், ஒரு நாற்காலியில் அரைமணி நேரம் அமர இயலாது வருந்திய ஓர் எழுத்தரைப் பற்றியது. அவர் என் தாய்மாமன். பெயரைக் கூறாது எழுதுக என்று அவர் இசைவு தந்தமையால் எழுதத் துணிந்தேன்.

தமிழில் ‘இரு’ என்னும் சொல்லுக்கு உளதாதல் என்பதும் ஒரு பொருள். அமர்தல் என்பதும் ஒரு பொருள். விருந்தினரை வரவேற்று ‘இருங்கள்’ என்கின்றோம். உடல்நலத்தை வினவி ‘எப்படி இருக்கின்றீர்கள்?’ என்கின்றோம். அமர்தலும் வாழ்தலும் ஒன்றே என எண்ணும் அளவிற்கு அமர்தல் நமக்கு எளிய செயல். அச்செயலே துன்பமாகுமாயின் ஒருவன் வாழ்வு எத்தன்மைத்தாகும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

என் மாமன் ஓர் அலுவலகத்தில் நாள்தோறும் எட்டு மணி நேரம் கணிப்பொறியின் முன் அமர்ந்து கணக்கெழுதுபவர். காலையில் எழும்போது அவர்க்கு வலி இராது. அலுவலகம் சென்று அமர்ந்த சிறிது நேரத்தில், இரு தொடைகளுக்கும் இடையே, நெருஞ்சி முள்ளின்மேல் அமர்ந்தாற்போன்ற ஓர் எரிச்சல் தோன்றும். நண்பகலில் அது கொதிக்கும் நீர் பட்டாற்போல ஆகும். மாலையில் வீடு சேர்ந்து படுத்துவிட்டால் மெல்ல மெல்லத் தணியும். விந்தை யாதெனில், விடுமுறை நாளில் அவர் இராசகிரியின் படிகளிற் களைப்பின்றி ஏறி இறங்குவார். இதனைக் கண்ட உடன்பணியாளர், “மலை ஏறுபவர்க்கு நாற்காலியில் அமர்வதா கடினம்?” என்று நகைத்தனர். மேலதிகாரியோ, இருக்கையில் இல்லாதவர் வேலையில் இல்லாதவரே என்று கருதினார். வேலை போய்விடுமோ என்னும் அச்சமும் வலியோடு சேர்ந்துகொண்டது.

இரண்டு ஆண்டுகள் அவர் மூலநோய்க்கு மருந்துண்டார். உடற்சூடு என்றார் சிலர். எண்ணெய் முழுக்குச் சொன்னார் சிலர். சிறுநீர் ஆய்வு செய்தார் சிலர். அதிற் குற்றமொன்றும் காணப்படவில்லை. இறுதியில் நரம்பு மருத்துவர் ஒருவர், ‘அமர்ந்தால் மிகுமா? நின்றால் தணியுமா? இரவில் இவ்வலி உறக்கத்தைக் கலைக்குமா? கழிப்பறை இருக்கையில் அமரும்போது எப்படி?’ என்று நான்கு வினாக்கள் வினவினார். அவற்றின் விடைகளே அவரை நோயின் மூலத்திற்கு அழைத்துச் சென்றன.

நோயின் இயல்பு

முதுகந்தண்டின் அடிப்பகுதியில் திரிக எலும்பு என்பதொன்று உண்டு. அதனிடத்து வெளிப்படும் இரண்டாம், மூன்றாம், நான்காம் நரம்பு வேர்கள் ஒன்றுகூடி, வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாகப் ‘புடெண்டல்’ என்னும் நரம்புகள் ஆகின்றன. இந்நரம்பு இடுப்புக்கூட்டைவிட்டுப் பின்புறமாக வெளியேறி, ஓர் எலும்பு முனையை வளைத்துக்கொண்டு, இரண்டு தடித்த நார்ப்பட்டைகளின் இடையே நுழைந்து, மீண்டும் உள்ளே புகுகின்றது. பின்னர் ஒரு தசையின் உறையால் அமைந்த குறுகிய குழாய்வழியே முன்னோக்கிச் செல்கின்றது. பெஞ்சமின் ஆல்காக் என்னும் அயர்லாந்து உடற்கூற்றறிஞர் 1836ஆம் ஆண்டில் அதனை விளக்கியமையால் அதற்கு ஆல்காக் கால்வாய் என்று பெயர். இந்நரம்பின் கிளைகள் மலவாய், பிறப்புறுப்பு, அவற்றின் இடைப்பட்ட பகுதி ஆகியவற்றிற்கு உணர்ச்சியை அளிக்கின்றன. மலசலங்களை அடக்கும் தசைகளையும் ஆள்கின்றன.

செஞ்சிக்குச் சென்றோர் இதனை எளிதில் உணர்வர். இராசகிரியின் உச்சியை அடைய வேண்டுவோர் வாயில்கள் பலவற்றைக் கடந்து, முடிவில் ஒரு பெரும் பிளவின்மேல் இட்ட பாலத்தையும் கடத்தல் வேண்டும். அவற்றுள் ஓரிடத்து நெருக்கம் நேரினும் வழி முழுதும் இடர்ப்படும். இந்நரம்பின் வழியும் அத்தகையதே. நார்ப்பட்டைகளின் இடையிலோ, கால்வாயினுள்ளோ அது நெருக்குண்டால், அது சென்று சேரும் இடமெல்லாம் எரியும். நாம் அமரும்போது உடற்பாரம் அவ்வழியை மேலும் நெருக்குகின்றது; நிற்கும்போதும் நடக்கும்போதும் நெருக்கம் தளர்கின்றது. மலை ஏறுபவர்க்கு நாற்காலி பகையாவது இதனாலேயே. இது நடிப்பன்று, உடற்கூற்றின் நியதி.

பிரான்சு நாட்டு நாந்த் நகரில் வகுக்கப்பெற்று, 2008ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற ஐந்து அடையாளங்களை மருத்துவர்கள் இன்று அளவுகோலாகக் கொள்கின்றனர். வலி இந்நரம்பின் எல்லைக்குள் இருத்தல், அமர்ந்தால் மிகுதல், இரவில் உறங்குவோனை எழுப்பாதிருத்தல், ஆய்ந்து பார்க்குமிடத்து உணர்ச்சி இழப்புக் காணப்படாமை, நரம்பின் அருகே மரப்பூசி செலுத்தின் வலி நீங்குதல் என்பன அவை. மெத்தென்ற நாற்காலியில் வலி மிகுந்து, நடுவே வெளியுள்ள கழிப்பறை இருக்கையில் வலி குறைதலும் இந்நோய்க்குரிய குறிப்பேயாம். மிதிவண்டியை நெடுந்தொலைவு மிதிப்பவர், மகப்பேற்றில் துன்புற்ற மகளிர், மலச்சிக்கலால் நெடுங்காலம் முக்குபவர் ஆகியோரிடத்தும் இது தோன்றுவதுண்டு.

நாணமும் நோயும்

‘புடெண்டல்’ என்பது நாணத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. நாணத்தக்க உறுப்புக்குரிய நரம்பு என்பது அதன் பொருள். நோயாளர் படும் இன்னலிற் பாதி அப்பெயரிலேயே அடங்கியிருக்கின்றது. கைவலியைத் தெருவில் நின்று கூறலாம். தலைவலியைத் திண்ணையில் அமர்ந்து கூறலாம். இவ்வலியை மனைவியிடமும் கூறத் தயங்குகின்றோம். பெண்ணாயிற் சொல்லவே வேண்டா. மருத்துவரிடம் ‘முதுகுவலி’ என்று மாற்றிக் கூறுவோர் உண்டு; அம்மாற்றுச் சொல்லுக்கே மருந்தும் கிடைக்கும். வலியின் இடத்தை உள்ளவாறு கூறுதலே மருத்துவத்தின் முதற்படி என்பதை என் மாமன் இரண்டு ஆண்டு இழந்த பின்னரே அறிந்தார்.

எழுத்தர்க்கு இருக்கையே பகையாதல் புதியதுமன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தீனோ ராமத்சீனி, தொழிலாளர்க்கு அவரவர் தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் ஒரு நூல் இயற்றினார். 1713ஆம் ஆண்டின் விரிந்த பதிப்பில், எழுதுவோர் துன்பத்திற்கு அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று ஓயாது அமர்ந்திருத்தலே ஆகும்.

அன்றாடம் கைக்கொள்ளத்தக்கன

இனி, இந்நோயுடையார் மேசைப் பணியை எங்ஙனம் தாங்குவது என்பதைக் கூறுவாம். இவை என் மாமன் மருத்துவரிடத்தும் உடற்பயிற்சி மருத்துவரிடத்தும் கற்றுக் கடைப்பிடிப்பவை.

முதலாவது, திண்டு. அமரும்போது பாரத்தைத் தாங்க இயற்கை அமைத்தவை இருபுறமும் உள்ள இரண்டு எலும்பு முனைகளே. அவை மட்டும் தாங்க, நடுப்பகுதி எதனையும் தொடாதிருத்தல் வேண்டும். ஆதலின் நடுவே வெட்டி, ஒருபக்கம் திறந்த இலாட வடிவத் திண்டு நன்று. அது கிடையாதவிடத்து, இரண்டு துவாலைகளை இறுகச் சுருட்டி, எலும்பு முனைக்கு ஒன்றாக இடைவெளிவிட்டு இட்டுக்கொள்ளலாம். முழுவளையமான காற்றுத் திண்டு சிலர்க்கு ஆகாது. மிக மெத்தென்ற இருக்கையும் ஆகாது. உடல் அதனுள் அமிழ, நடுப்பகுதியும் அழுந்தும்.

இரண்டாவது, காலம். வலி வந்தபின் எழுவது பயனில்லை. வருமுன் எழுதலே முறை. ஒருமுறை சினந்த நரம்பு எளிதில் தணியாது; நின்ற பின்னும் நெடுநேரம் எரியும். இருபது நிமிடத்தில் வலி தோன்றுமாயின் பதினைந்தாம் நிமிடத்திலேயே எழுந்து, சிறிது நடந்து மீளல் வேண்டும். என் மாமன் கைக்கடிகாரத்தில் மணி ஒலிக்க வைத்துக்கொண்டு எழுகின்றார்.

மூன்றாவது, நின்று பணி செய்தல். இதற்கு விலையுயர்ந்த மேசை வேண்டுவதில்லை. மேசைமேல் உறுதியான ஒரு மரப்பெட்டியை வைத்து, முழங்கை செங்கோணமாக மடங்கும் உயரத்தில் விசைப்பலகையும், கண்ணுக்கு நேரே திரையும் அமையச் செய்தாற் போதும். ஒரு காலைத் தாழ்ந்த பலகைமேல் மாற்றி மாற்றி வைத்தல் இடுப்பிற்கு இளைப்பாறுதல் தரும். நாள் முழுதும் நிற்பதும் தீங்கே. நிற்றல், நடத்தல், சிறிது அமர்தல் என மாறுதலே மருந்து. உணவு வேளையிற் சிறிது நேரம் படுத்திருக்க இடம் கிடைப்பின் பிற்பகல் எளிதாகும்.

நான்காவது, விலக்கத்தக்கன. மிதிவண்டி, கரடுமுரடான சாலையில் நெடும்பயணம், ஆழக் குந்தி எழும் பயிற்சி ஆகியவற்றைத் தவிர்த்தல் நலம். கீரை, பழம், நீர் இவற்றை மிகுத்து உண்டு மலச்சிக்கலை நீக்கல் வேண்டும். இடுப்புத் தளத் தசைகளை இறுக்கும் பயிற்சி பலர்க்கு நன்மை தருவதே. இந்நோயிலோ அத்தசைகள் முன்னமே இறுகியிருத்தல் கூடும். ஆதலால் அறிந்தவர் சொல்லாது அதனைச் செய்தலாகாது. வயிறு உயர்ந்து தாழ மெல்ல மூச்சுவிட்டுத் தசைகளைத் தளர்த்தலே பெரும்பாலும் ஏற்றது. நரம்பு வலிக்குரிய மாத்திரைகளும், நரம்பருகே இடும் ஊசியும், சிலர்க்கு அறுவையும் உண்டு. அவை மருத்துவர் முடிவிற்கு உரியன.

எச்சரிக்கை ஒன்று: தொடையிடுக்கு மரத்துப் போதல், மலசலம் அடங்காமை அல்லது சிறுநீர் பிரியாமை, கால்கள் வலுவிழத்தல் ஆகியவை தோன்றின் அது வேறு பெருநோயாம். அன்றே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். இரவில் எழுப்பும் வலியும், காய்ச்சலும், குருதிப்போக்கும் அங்ஙனமே ஆராயத்தக்கன.

உடலுக்கேற்ற வேலை

இவை யாவும் நோயாளன் ஒருவனாற் செய்யத்தக்கன போலத் தோன்றினும், அலுவலகத்தின் இசைவின்றி ஒன்றும் நிகழாது. வேலைக்கேற்ப உடலை வளைப்பதா, உடலுக்கேற்ப வேலையை அமைப்பதா என்பதே வினா. இதற்குச் சிறந்த விடையொன்று நம் வேலூரில் உண்டு. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவராயிருந்த மேரி வர்கீஸ் அம்மையார், 1954ஆம் ஆண்டில் நேர்ந்த மோட்டார் விபத்தில் முதுகந்தண்டு ஊறுபட்டு, இரு கால்களும் செயலிழந்தார். நின்று அறுவை செய்யும் தொழிலர்க்கு அத்துடன் தொழில் முடிந்ததென்றே பிறர் எண்ணியிருப்பர். ஆயின் தொழுநோயாளரின் கைகளைச் சீர்ப்படுத்தும் அறுவையை அமர்ந்தபடியே செய்யலாம் என்று பால் பிராண்ட் என்னும் மருத்துவர் காட்ட, அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அதனைச் செய்தார். பின்னர் அயல்நாடு சென்று கற்று மீண்டு, 1963ஆம் ஆண்டில் உடலியல் மருத்துவ, மறுவாழ்வுத் துறையின் தலைவரானார். நிற்க இயலாதார்க்கு அமர்ந்து செய்யும் வேலை அமைந்தது. அமர இயலாதார்க்கு நின்று செய்யும் மேசை அமைதல் அரிதோ?

சட்டமும் இந்நெறியை ஒருபுறம் ஏற்றுள்ளது. துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்று கால் வீங்கிய பணியாளர் பொருட்டு, கேரளம் 2018ஆம் ஆண்டிலும் தமிழ்நாடு 2021ஆம் ஆண்டிலும், கடைகளில் அமர இருக்கை தரல் வேண்டுமெனச் சட்டத்தைத் திருத்தின. நிற்பவர்க்கு அமரும் உரிமை எவ்வாறோ, அவ்வாறே அமர்பவர்க்கு நிற்கும் உரிமையும் என்பது என் துணிபு. இரண்டும் உடலுக்குரிய ஒரே நீதியின் இருபுறங்களே.

என் மாமன் மருத்துவர் கடிதத்துடன் மேலதிகாரியிடம் சென்று, நாணத்தை விட்டு உள்ளதை உரைத்தார். நகைப்பை எதிர்நோக்கிச் சென்றவர்க்குக் கிடைத்தது மறுமொழியற்ற சிறிது மௌனமும், பின்னர் ஒரு பழைய கோப்புப் பெட்டியுமே. அப்பெட்டியின்மேல் இன்று அவர் கணிப்பொறி நிற்கின்றது. வலி முற்றும் நீங்கவில்லை. நீங்கிற்றென்று கூறினாற் பொய்யாகும். ஆயினும் மாலையில் வீடு வந்தவுடன் படுக்கையைத் தேடியவர், இப்பொழுது மக்களோடு நின்று பேசுகின்றார். “தம்பி, வலியைவிட அதனை மறைத்ததே எனக்குப் பெரும் பாரமாயிருந்தது” என்று அவர் ஒருநாள் என்னிடம் கூறினார்.

நண்பர்காள்! நம் வகுப்பிலும் கடைசி வரிசையிற் சுவரோரம் நின்று பாடம் கேட்கும் ஒருவன் இருத்தல் கூடும்; மூன்று மணி நேரத் தேர்வில் அடிக்கடி எழுந்து நிற்பவன் ஒருவன் இருத்தல் கூடும். அவனை ‘அமைதியாய் உட்கார்’ என்று அதட்டுமுன், அமர்தல் எல்லார்க்கும் அமைதி தருவதன்று என்பதை நினைவிற் கொள்வோமாக. அவன் நிற்க ஓரிடம் விடுதல் நமக்கு எளிது. அவனுக்கோ அது பேருதவி.