கப்பலில் தொடங்கும் ரயில் பயணம்

அந்தமானில் இருப்புப்பாதை இல்லை. ஆகவே, ஜங்லிகாட்டிலிருந்து குளிர்காலத்தில் கும்பகோணம், தஞ்சாவூர், மதுரை என ரயிலில் சுற்றிவர விரும்பும் குடும்பத்தினர் முதலில் கடலைக் கணக்கிட வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்கிவிடும். கப்பலோ சென்னையை அடைய ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். டிசம்பர் மாதத்துப் புயல் அதனை மேலும் தாமதப்படுத்தலாம். ரயிலைத் தவறவிட்டால், கட்டணம் பெரும்பாலும் கடலில் கரைத்த பெருங்காயமே! கரைசேரும் நாளிலேயே எழும்பூரில் ரயிலேறத் திட்டமிடாமல், இரண்டு நாள் இடைவெளி விடுவதே நலமென்று கருதுகிறோம்; விடுதிச் செலவு கூடினும் தாழ்வில்லை. ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியே பயணச்சீட்டு எடுத்தால், முதல் ரயில் தவறினாலும் மற்றவை பிழைக்கும். இணையவழிச் சீட்டை உரிய நேரத்திற்குள் ரத்து செய்தால், பிடித்தம் போக எஞ்சிய தொகை பணம் செலுத்திய கணக்கிற்கே திரும்பும். அதுவரை அக்கணக்கை மூடாதிருங்கள்.