டிராயிங்கில் உள்ள 1, எண்ணா? கோடா?

தாம்பரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர், கையால் வரைந்த பழைய டிராயிங்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னார். ஸ்கேன் செய்து ஓ.சி.ஆர். சாப்ட்வேரிடம் கொடுத்தேன். 16 மி.மீ. என்பது 6 என்று வந்தது! 1-ஐக் கோடு என்று தள்ளிவிட்டது. அடுத்த அளவு 24, மொத்த நீளம் 40. கூட்டிப் பார்த்ததால் பிழை தெரிந்தது. இல்லையென்றால் ஷாஃப்ட் வீண்.

கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறும். நிறைய மாதிரிகளைக் காட்டித்தான் கம்ப்யூட்டரைப் பழக்க வேண்டும். 2006-ல் நடந்த தமிழ்க் கையெழுத்தறியும் போட்டிக்கு ஹெச்.பி. லேப்ஸ் இந்தியா 156 எழுத்து வடிவங்களுக்கு மாதிரிகள் திரட்டியது. எண்கள் 10தான். ஆனால் டிராயிங்கில் கோடுகள் அவற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

நீங்கள் ஸ்கேன் செய்யும்போது 300 டி.பி.ஐ. வையுங்கள். அளவுகளைக் கூட்டிச் சரிபார்க்க மறக்காதீர்கள்.