காவலில் கழியும் கவனம்

வந்த கடிதத்தை நான்கு முறை வாசித்தும் பொருள் மனத்தில் தங்கவில்லை, அடுப்பில் பால் வைத்தது மறந்துபோயிற்று, நெடுநாள் பழகியவரின் பெயர் நாவில் வர மறுக்கிறது என்றெல்லாம் சொல்லி, புத்தியே மழுங்கி வருகிறதோ என்று கலங்குகிறவர்கள் பீதி நோயாளிகளிடையே பலர். நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, இதோ உயிர் போகிறது என்ற எண்ணம் சில நிமிஷங்களில் உச்சத்தை எட்டுகிற அந்த அவஸ்தை எல்லோர் கண்ணிலும் படுகிறது. அது அடங்கிய பின்னரும் ஞாபகத்தின் மேல் அது செலுத்துகிற ஆதிக்கமோ பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களிடம் கண்ட இத்தகைய படபடப்பை, 1871-இல் ஜேக்கப் டா கோஸ்டா என்ற வைத்தியர் இருதயக் கோளாறாகவே வர்ணித்தார். பீதி தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது 1980-இல்தான். மாடிப்படி ஏறியதால் துடிக்கும் நெஞ்சை மாரடைப்பின் அறிகுறியென்று மனம் விபரீதமாகப் பொருள் கொள்ள, அந்தப் பயத்தால் துடிப்பு மிக, அதைக் கண்டு பயம் மேலும் பெருகுகிற சுழலே இந்த நோய் என்று 1986-இல் விளக்கினார் ஆங்கிலேய மனோதத்துவ அறிஞர் டேவிட் கிளார்க்.

இந்தச் சுழலில் ஒருமுறை அகப்பட்டவர், அடுத்தது எப்போது வருமோ என்று தம் சரீரத்துக்கே இரவும் பகலும் காவல் நிற்கத் தொடங்குகிறார். ஆலன் பாட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974-இல் விவரித்த செயல் நினைவு, அதாவது கடைக் கணக்கைக் கூட்டி முடிக்கும்வரை எண்களைத் தாங்கி நிற்கிற அந்தச் சிற்றிடம், மிகக் குறுகியது. அதன் பெரும்பகுதியை நாடித்துடிப்பும் மூச்சும் பிடித்துக்கொண்டால், எதிரே இருப்பவர் சொன்ன செய்தி உள்ளே நுழைவதற்கே இடமில்லாமல் போகிறது. மனத்தில் பதியாத ஒன்றைப் பின்னால் தேடிக் காணாதபோது, அதை மறதி என்கிறோம்.

வெவ்வேறு நிறங்களில் எழுதிய சொற்களைக் காட்டி, பொருளை விட்டு நிறத்தை மட்டும் சொல்லச் செய்கிற பரிசோதனைகளில், மரணம், மூச்சுத்திணறல் போன்ற சொற்கள் வரும்போது பீதி நோயாளிகள் தாமதிக்கிறார்கள். கவனம் எங்கே கட்டுண்டு கிடக்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சியம். பால் வைத்ததை மறந்த அதே மனம், முதல் பீதி வந்த பஸ்ஸையும், அமர்ந்திருந்த இருக்கையையும், அங்கே வீசிய நெடியையும் துல்லியமாக நினைவில் வைத்திருந்து, அந்த வழியே போகவிடாமல் தடுக்கிறது.

நினைவாற்றலை அளந்த ஆராய்ச்சிகளின் முடிவுகளோ ஒருமுகமானவை அல்ல: சிலவற்றில் கற்பதிலும் நினைவுகூர்வதிலும் தளர்ச்சி தெரிகிறது, வேறு சிலவற்றில் ஆரோக்கியமானவர்களோடு பேதமே இல்லை. உடன் வரும் மனச்சோர்வும் தூக்கக்கேடும் ஞாபகத்தைக் குலைக்கக்கூடியவை. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் பீதியைத் தணித்தாலும் புதிய நினைவு பதிவதற்கு இடையூறு செய்யக்கூடும். அதற்காக அவற்றைத் திடீரென்று நிறுத்துவது வலிப்பு வரையிலும் கொண்டுபோய்விடக்கூடும் என்பதால், மாற்றம் எதுவானாலும் வைத்தியரின் யோசனைப்படியே நிகழ வேண்டும். தைராய்டு, இருதயம் ஆகியவற்றின் கோளாறுகளும் பீதியின் வேஷத்தில் வருவதால், முதலில் அவற்றைப் பரிசோதித்துவிடுவது அவசியம்.

மருந்தோடு, சிந்தனையையும் பழக்கத்தையும் திருத்துகிற சிகிச்சையும் நல்ல பலன் தருகிறது. வேண்டுமென்றே விரைந்து மூச்சு வாங்கவும், நாற்காலியில் சுழலவும், படியேறவும் செய்து, படபடப்பு ஆபத்தன்று என்பதை உடம்பே அனுபவத்தில் அறியும்படி அதில் பழக்குகிறார்கள். வீட்டார் நோயாளியின் மறதியைக் கடிந்துகொள்ளாமல், இந்தப் பழக்கத்துக்குப் பொறுமையோடு துணை நிற்பது பேருதவி. மாடியேறி வந்தபின் நெஞ்சு துடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, கையிலுள்ள கடிதத்தைப் பிரித்து முதல் வரியிலிருந்து அவர் வாசிக்கத் தொடங்குகிற நாளில், அதன் பொருளும் மெல்ல மனத்தில் தங்கத் தொடங்கும்.