எடை எங்கே இருக்கிறது?

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் ஏற்காடு மலை நேரே தெரியும். சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் பல வீடுகளுக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. சித்திரை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த அக்கா மகள் பையிலிருந்து ஒரு மட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். அதில் நரம்பு கட்டியிருக்கவில்லை. தோசைக்கரண்டிபோல் தட்டையாக, உடம்பெல்லாம் துளையாக இருந்தது.

"பேடல் மட்டை மாமா. வலைகிட்ட நின்னு அடிச்சு ஆடுறவங்களுக்குன்னே செஞ்சதுங்க. 345 கிராம்தான். என் பழசு இதைவிடக் கனம். ஆனா வீசினா இதுதான் கைக்குக் கனமாத் தெரியுது. அது எப்படிங்க?"

நல்ல கேள்வி. அன்றைய சாயங்காலம் முழுவதையும் அது வாங்கிக்கொண்டது.

பேடல் ஆட்டத்துக்கு வயது அதிகமில்லை. 1969இல் மெக்சிகோவின் அகாபுல்கோ நகரில் என்ரிக்கே கோர்குவேரா என்பவர் தன் வீட்டில் சுவர் சூழ்ந்த ஒரு சிறிய ஆடுகளம் அமைத்தார். 1974இல் அது ஸ்பெயினின் மார்பெல்லாவுக்குப் போனது. இன்று நம் பெருநகரங்களிலும் கண்ணாடிச் சுவர் களங்கள் எழுந்துவிட்டன. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், பக்கத்துக்கு இருவர். பந்து தரையில் ஒருமுறை பட்டுச் சுவரில் மோதித் திரும்பினாலும் அடிக்கலாம். மட்டை 45.5 சென்டிமீட்டருக்கு மேல் நீளக்கூடாது, 38 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக்கூடாது. உள்ளே ரப்பர்போன்ற நுரை, மேலே கார்பன் நாரோ கண்ணாடி நாரோ கொண்ட தோல். மணிக்கட்டில் கயிறு மாட்டாமல் ஆடக்கூடாது என்பதும் விதி.

இந்த ஆட்டத்தில் வலையைப் பிடித்த ஜோடிக்கே கை ஓங்கும். அங்கே நிற்பவருக்குக் கிடைக்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். எதிராளியும் வலைக்கு வந்துவிட்டால் இருவருக்கும் இடையே 5 மீட்டர் இருந்தால் அதிகம். பந்து மணிக்கு 54 கிலோமீட்டரில் வந்தால், அதாவது வினாடிக்கு 15 மீட்டர், அந்த 5 மீட்டரைக் கடக்க மூன்றில் ஒரு வினாடி. கண் பார்த்து, மூளை அறிந்து, தசை அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 வினாடி போய்விடும். மிச்சம் வினாடியில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் மட்டை வலப்பக்கத்திலிருந்து மார்புக்கு முன்னால் திரும்பி நிற்க வேண்டும். அதனால்தான் வலையாட்டக்காரர்கள் லேசான மட்டையைத் தேடுகிறார்கள்.

லேசு என்பதைத்தான் நாம் தப்பாக அளக்கிறோம். தராசு சொல்வது, மட்டையை மேலே தூக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதை. வலையோரத்தில் யாரும் மட்டையைத் தூக்குவதில்லை, திருப்புகிறார்கள். தூக்குவதற்கு ஒரு கணக்கு, திருப்புவதற்கு வேறு கணக்கு. சிலம்பம் பழகியவர்களின் கைக்கு இது தெரியும். கம்பை நடுவில் பிடித்துச் சுழற்றினால் விரல்களுக்கிடையே காற்றாடியாகச் சுற்றும். அதே கம்பை ஒரு முனையில் பிடித்துச் சுழற்றினால் தோள் இறங்கிப்போகும். கம்பின் எடையில் ஒரு குன்றிமணிகூடக் கூடவில்லை. ஆனால் திருப்புவதற்குக் கம்பு காட்டும் எதிர்ப்பு சரியாக நான்கு மடங்காகிவிட்டது. பதினோராம் வகுப்புப் பாடத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தோமே, அதுதான். ஒவ்வொரு துணுக்கின் எடையையும், அது சுழலும் அச்சிலிருந்து உள்ள தூரத்தின் இருமடியால் பெருக்கிக் கூட்ட வேண்டும். தூரம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

இதை வீட்டிலேயே அளக்கலாம். முதலில் எடை. பக்கத்துத் தெருவில் கொலுசுப் பட்டறை இருக்கிறது. வெள்ளி நிறுக்கும் மின்தராசில் இரண்டு மட்டைகளையும் வைத்தோம். புதியது 345 கிராம், பழையது 368 கிராம். 23 கிராம் வித்தியாசம், ஒரு மெல்லிய கொலுசின் எடை. அடுத்தது ஈர்ப்பு மையம். மட்டையை ஓர் அளவுகோலின் விளிம்பில் கிடத்தி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் குறித்தோம். கைப்பிடியின் அடியிலிருந்து புதியதற்கு 27 சென்டிமீட்டர், பழையதற்கு 25.5. விடையின் வாசனை இங்கேயே வந்துவிட்டது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மணிக்கட்டுக் கயிற்றைக் கழற்றிவிட்டு, அது நுழையும் துளையில் மெல்லிய கம்பியைச் செருகி, கம்பியின் இரு முனைகளையும் இரண்டு நாற்காலி முதுகுகளில் தாங்க வைத்தோம். மட்டை தலைகீழாகத் தொங்கியது. சிறிதளவு விலக்கி விட்டால் சுவர்க்கடிகாரத்து ஊசல்போல் ஆடுகிறது. கைபேசியின் நிறுத்தக் கடிகாரத்தில் இருபது ஆட்டங்களை எண்ணினோம். ஒருமுறை எண்ணினால் விரல் தடுமாறும் என்று மும்முறை எண்ணிச் சராசரி எடுத்தோம். புதியதற்கு 22.6 வினாடி, பழையதற்கு 22.2. அதாவது ஓர் அலைவுக்கு 1.13 வினாடியும் 1.11 வினாடியும்.

இயற்பியல் இங்கே ஒரு வசதி செய்து கொடுக்கிறது. எடையைக் கிலோகிராமிலும், ஈர்ப்பு மையத்தின் தூரத்தைச் சென்டிமீட்டரிலும், அலைவு நேரத்தை வினாடியிலும் எடுத்து, எடை, தூரம், நேரம், மறுபடி நேரம் என்று நான்கையும் பெருக்கி, கடைசியில் 25ஆல் பெருக்கினால் போதும். திருப்புவதற்கு மட்டை காட்டும் எதிர்ப்பு கையில் வந்துவிடும். அந்த 25 பூமியின் ஈர்ப்பிலிருந்து வருகிறது. சென்டிமீட்டர் கணக்கில் எடுத்த ஈர்ப்பு முடுக்கத்தைப் பை (π) என்ற எண்ணின் இருமடியின் நான்கு மடங்கால் வகுத்தால் 24.8 கிடைக்கும். மட்டை எவ்வளவு சுலபமாகத் திரும்பும் என்பதை, அதை ஆட்டிவைக்கும் பூமியே நமக்குச் சொல்கிறது. எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

புதியது 297. பழையது 289.

என் கடிகார விரலின் பிழையைக் கழித்துப் பார்த்தால் இரண்டும் சமம் என்றே சொல்ல வேண்டும். அப்படியானால் 23 கிராம் மிச்சம் எங்கே போனது? கைப்பிடிப் பக்கத்தில் குறைத்த எடை அது. தலைப் பக்கம் குறையவே இல்லை. தாக்கி ஆடும் மட்டைகளை டைமண்ட் வடிவில் செய்கிறார்கள். அகலம் மேலே போகிறது, எடையும் கூடவே மேலே போகிறது. காரணமில்லாமல் இல்லை. தலைக்கு மேல் வரும் பந்தை ஓங்கி ஸ்மாஷ் அடிக்கும்போது, பந்தைச் சந்திக்கும் இடத்தில் எவ்வளவு எடை நிற்கிறதோ அவ்வளவு உந்துதல். திருப்ப இரண்டு மடங்கு கடினமான மட்டையைக் கொடுத்தால் கைவீச்சின் வேகம் பாதியாகிவிடும் என்று நினைப்போம். அவ்வளவு குறையாது. மட்டையோடு சேர்ந்து நம் முன்கையும் மேற்கையும் சுழல்கின்றன, மட்டையைவிட அவற்றின் எடைதான் அதிகம். ஆகவே ஓங்கி அடிக்க நேரமிருக்கும்போது தலைக்கனம் லாபம். எட்டில் ஒரு வினாடி மட்டும் இருக்கும்போது அதே தலைக்கனம் நட்டம். விற்பவர்கள் தாக்குதல், லேசு என்ற இரண்டு சொற்களையும் ஒரே அட்டையில் அச்சிடுகிறார்கள். மட்டைக்குள் அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன.

அப்படியானால் தலையையும் லேசாக்கிவிடலாமே என்றாள். ஆக்கலாம், ஓர் எல்லை வரை. வலையோரத்தில் பெரும்பாலும் நாம் அடிப்பதில்லை, மட்டையைச் சுவராக நிறுத்துகிறோம். பேடல் பந்து 56 முதல் 59.4 கிராம். சுவர் லேசாக இருந்தால் பந்து அதைத் தள்ளிவிடும். நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் முறுக்கியும் விடும். பந்து செத்து வலைக்குள் விழும், அதிர்ச்சி முழங்கைக்கு ஏறும்.

இங்கே எனக்கு நம் ஊர்ப் பூப்பந்து நினைவுக்கு வந்தது. பால் பேட்மிண்டன் என்று பள்ளி மைதானங்களில் ஐந்து ஐந்து பேராக நின்று மஞ்சள் கம்பளிப் பந்தில் ஆடுவோமே, அது. 1856 வாக்கிலேயே தஞ்சை அரச குடும்பத்தார் ஆடியதாகச் சொல்லப்படுகிறது. பந்து 27 முதல் 30 கிராம், மட்டை 165 முதல் 185 கிராம். வகுத்துப் பாருங்கள். மட்டை பந்தைப் போல் ஆறு மடங்கு. பேடலில் மட்டை பெரும்பாலும் 340 முதல் 390 கிராமுக்குள் இருக்கும். அங்கேயும் ஏறக்குறைய ஆறு மடங்கு! தஞ்சாவூரும் அகாபுல்கோவும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளவில்லை. இறகுப்பந்தில் ஐந்து கிராம் பந்துக்கு எண்பது சொச்சம் கிராம் மட்டை, விகிதம் வேறெங்கோ போகிறது. அந்த இறகுகள் காற்றிலேயே வேகத்தை இழப்பவை, அதன் நியாயம் வேறு. கனத்த பந்தை எதிர்கொண்டு நிறுத்தவும் வேண்டும், உடனே திருப்பவும் வேண்டும் என்ற இரட்டைத் தேவை இருக்கும் இடத்தில், இரண்டு தேசத்து மனிதக் கைகளும் ஒரே விகிதத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்று நான் நினைக்கிறேன். என்னால் இதை நிரூபிக்க முடியாது, நம்பாமலிருக்கவும் முடியவில்லை.

அளந்து முடித்த மட்டையை அவள் வெயிலில் நின்ற காருக்குள் வைக்கப் போனாள். தடுத்தேன். உள்ளிருக்கும் நுரை சூட்டில் இளகும், குளிரில் இறுகும். சேலத்துச் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் கிடந்த மட்டையும், மாலையில் களத்தில் ஆறிய மட்டையும் ஒரே மாதிரி அடிக்காது.

புதிய மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா? வேண்டாம் என்று தோன்றியது. கணக்கின் அழகு இங்கேதான். மட்டையின் நுனியில், அடியிலிருந்து 44 சென்டிமீட்டரில், 10 கிராம் ஒட்டினால் எதிர்ப்பில் 19 கூடும். அதே 10 கிராமைக் கைப்பிடியில், 6 சென்டிமீட்டரில் சுற்றினால் 0.4கூடக் கூடாது. ஏறக்குறைய ஐம்பது மடங்கு வித்தியாசம். கைப்பிடியில் இன்னும் இரண்டு சுற்றுப் பட்டை போட்டால் மட்டை தராசில் கனக்கும், திருப்புவதில் அப்படியே இருக்கும், ஈர்ப்பு மையம் அரை சென்டிமீட்டருக்கும் மேலாகக் கைப்பக்கம் இறங்கும். நுனி தொங்குவது குறையும்.

சுற்றினோம். பட்டறையில் மறுபடி வைத்தபோது 355. கொலுசுக்காரர், "ஏம்மா, லேசா வேணும்னுதானே வந்தீங்க, ஏத்திட்டீங்களே?" என்றார். அவள் பதில் சொல்லாமல் பட்டறை வாசலில் நின்று மணிக்கட்டை மட்டும் அசைத்து இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு மட்டையை அவர் கையில் கொடுத்து, பழையதையும் மறு கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு எது லேசு என்று சொல்லச் சொன்னாள்.

அவர் வெகுநேரம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.