ஈரம் எங்கே போகிறது? வீட்டுக்கேற்ற டிரையரைத் தேர்ந்தெடுக்க ஒரு கேள்வி

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் துணி காய வெயிலுக்குப் பஞ்சமில்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் அமைந்த வறண்ட மேட்டுநிலம் அது. ஆண்டில் பெரும்பாலான நாட்களில் வெயிலும் காற்றும் தாராளமாகக் கிடைக்கும். தொல்லை அந்தக் காற்றிலேயே வருகிறது. தங்கம் இருந்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய கழிவு மண்ணைத் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிவந்தார்கள். 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட அந்த மண் இன்று ஊரைச் சுற்றி மேடு மேடாக நிற்கிறது. ஆடிக் காற்று கிளம்பினால் அந்த மாவு மண்ணும் கிளம்பும். கொடியில் தொங்கும் ஈரத்துணியில் அது நன்றாக ஒட்டிக்கொள்ளும். காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை மாலையில் எடுத்துக் காலர் மடிப்பைப் பிரித்துப் பாருங்கள்: மடிப்போரமாக மெல்லிய சாம்பல் கோடு ஓடும். விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கும்.

இன்னொரு சிக்கல் நேரம். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்ட பிறகு, இவ்வூர்க்காரர்கள் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். விடியுமுன் ரயிலேறி, இருட்டியபின் வீடு திரும்புகிறார்கள். துணி துவைப்பதும் காயப்போடுவதும் ராத்திரி வேலையாகிவிட்டது. வெயில் இருக்கும்போது ஆளில்லை; ஆள் இருக்கும்போது வெயிலில்லை.

ஆகவே டிரையர் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்ற கேள்வி இந்த ஊரில் ஆடம்பரமான கேள்வி இல்லை. கடையில் எத்தனை கிலோ, எத்தனை புரோகிராம், என்ன விலை என்று சொல்வார்கள். அதையெல்லாம் கேட்கும் முன் நாம் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: துணியிலிருந்து கிளம்பும் ஈரம் கடைசியில் எங்கே போகிறது? டிரையர்களின் வகை, விலை, கரண்ட் செலவு எல்லாமே இந்த ஒரு கேள்விக்கான பதிலில் அடங்கியிருக்கின்றன.

காய்வது எப்படி

துணியில் இருக்கும் நீர் ஆவியாக வேண்டும். அந்த ஆவியைச் சுமந்துபோகக் காற்று வேண்டும். ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரி செல்சியஸில் சுமார் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்று 60 டிகிரியில் சுமார் 130 கிராம் தாங்கும். டிரையருக்குள் சூடு வைப்பது இதற்காகத்தான். ஆனால் ஈரத்தைச் சுமந்த காற்று வெளியேறாமல் அங்கேயே நின்றால், எவ்வளவு சூடு இருந்தும் துணி காயாது, வேகும்.

இரண்டாவது கணக்கு ஆற்றல். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க சுமார் 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. வெயில் அதை இலவசமாகத் தருகிறது. டிரையரில் அதை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

முதலில் ஸ்பின்னர்

அதனால்தான் ஆவியாக்குவதற்கு முன்பே எவ்வளவு நீரைப் பிழிந்தெடுக்கிறோம் என்பது முக்கியம். ஐந்து கிலோ பருத்தித் துணியைக் கையால் பிழிந்தால், அதில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் நீர் தங்கிவிடும். நல்ல ஸ்பின் கொடுத்தால் மூன்று லிட்டர் மிஞ்சும். இந்த இரண்டு லிட்டரை வெப்பத்தால் விரட்ட ஒன்றேகால் யூனிட்டுக்கு மேல் செலவாகும். சுழற்றி விரட்ட அதில் மிகச் சிறு பங்கு போதும்.

செமி ஆட்டோமேட்டிக் மெஷினின் இரண்டாவது தொட்டியே ஒரு டிரையர்தான், பாதி வேலையைச் செய்யும் டிரையர். அதில் ஈரம் ஆவியாகாமல் நீராகவே குழாய் வழியே வடிந்துவிடுகிறது. சுழலும் வேகம் இரண்டு மடங்கானால் நீரை வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே மெஷின் வாங்கும்போது ஸ்பின் வேகத்தைக் கட்டாயம் பாருங்கள். துணியைத் தொட்டியில் சமமாகப் பரப்பி, மேலே அந்த வட்டத் தட்டை வைத்து அழுத்தி, இரண்டாவது முறையும் ஒரு சுற்று விட்டுப் பாருங்கள். இரண்டாவது சுற்றிலும் குழாயில் நீர் வடிவதைக் காண்பீர்கள். அந்த நீர் அத்தனையும் உங்களுக்கு மிச்சமான கரண்ட்.

வெளியே தள்ளும் டிரையர்

வென்டட் டிரையர் என்பது பழைய வகை, விலையும் குறைவு. அறைக் காற்றை இழுத்து, ஹீட்டர் காயில் வழியே சூடாக்கி, சுழலும் டிரம்முக்குள் ஊதும். ஈரமான சூட்டுக்காற்றைச் சுமார் நான்கு அங்குலக் குழாய் வழியே வீட்டுக்கு வெளியே தள்ளும். 1800 வாக்கில் பிரான்சில் போஷோன் என்பவர் செய்த கைச்சுழற்சி உலர்த்தியும், 1892-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் சாம்சன் காப்புரிமை பெற்ற உலர்த்தியும் இதன் முன்னோர்கள். வடக்கு டகோட்டாவின் ராஸ் மூர், பனிக்காலத்தில் துணி காயப்போடும் தொல்லைக்கு முடிவுகட்டப் பல ஆண்டு உழைத்து உருவாக்கிய மின்சார டிரையர் 1938-இல் விற்பனைக்கு வந்தது.

இந்த வகையில் வெளியே போகும் காற்றோடு அதன் சூடும் போய்விடும். ஐந்து கிலோ துணிக்கு சுமார் மூன்று யூனிட் செலவாகும். சாம்பியன் ரீப்ஸில் இதற்கு வேறொரு குறையும் உண்டு. இந்த டிரையர் மணிக்கு 100 கன மீட்டருக்கு மேல் காற்றை வெளியே தள்ளுகிறது. பத்துக்குப் பத்து அடி அறையில் மொத்தமே சுமார் 28 கன மீட்டர் காற்றுதான் இருக்கும். வெளியே போனதை ஈடுகட்ட அதே அளவு காற்று ஜன்னல் வழியும் கதவு இடுக்கு வழியும் ஓட்டுக்கூரை வழியும் உள்ளே வந்தாக வேண்டும். மண்மேட்டுப் பக்கமிருந்து காற்றடிக்கும் நாளில், துணியைத் தூசியிலிருந்து காப்பாற்ற வாங்கிய மெஷின் வீட்டுக்குள்ளே தூசியை உறிஞ்சிவிடும்.

குழாய் போட இடமில்லை என்று ஈரக்காற்றை அறைக்குள்ளேயே விட்டுவிடுபவர்களும் உண்டு. மூன்று லிட்டர் நீரின் ஆவி சுவரில் ஊறும். சில வாரத்தில் மூலையில் கறுப்புப் பூஞ்சை படரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதைச் செய்யவே கூடாது.

உள்ளேயே பிடித்துவைக்கும் டிரையர்

கண்டென்சர் டிரையரில் ஈரக்காற்று வெளியே போவதில்லை. மெஷினுக்குள்ளேயே குளிர்ந்த பரப்பில் படவைத்து, அதிலுள்ள ஆவியை நீராக்கி, ஒரு சிறு தொட்டியில் சேர்க்கும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே செயல்தான். குழாய் வேண்டாம், சுவரில் ஓட்டை வேண்டாம். ஆனால் ஹீட்டர் அதேதான். கரண்ட் செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அறையும் கொஞ்சம் சூடாகும்.

துவைப்பதையும் காயவைப்பதையும் ஒரே டிரம்மில் செய்யும் வாஷர்-டிரையர்கள் பலவும் இந்த இனம். இடம் மிச்சம் என்பது உண்மை. ஆனால் எட்டு கிலோ துவைக்கும் மெஷின் ஐந்து கிலோ அளவுக்குத்தான் காயவைக்கும். அவற்றில் பல, ஆவியைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரையே செலவழிக்கும். தண்ணீர்த் தட்டுப்பாடு பழகிப்போன தங்கவயலில் துணி காய்வதற்கும் தண்ணீர் கொட்டுவது சரியல்ல. வாங்குவதென்றால், காயவைக்கும்போது தண்ணீர் எடுக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சூட்டைத் திரும்ப எடுக்கும் டிரையர்

மூன்றாவது வகை ஹீட் பம்ப் டிரையர். 1997-இல் ஏஇஜி நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கு இதை விற்கத் தொடங்கியது. இதில் ஹீட்டர் காயிலுக்குப் பதிலாக, ஏசியில் இருப்பதுபோல் கம்ப்ரஸரும் குளிர்வாயுவும் இருக்கும். டிரம்மிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் குளிர்ந்த காயிலைத் தொடும். ஈரம் நீராக வடியும். அந்தக் காற்றே அடுத்து சூடான காயிலைத் தாண்டி மீண்டும் டிரம்முக்குள் போகும். ஆவி நீராக மாறும்போது விட்டுவிடும் வெப்பத்தைக் கம்ப்ரஸர் சேகரித்துத் திருப்பித் தருவதால், அதே ஐந்து கிலோவுக்கு ஒன்றேகால் யூனிட் அளவில் முடிந்துவிடும்.

காற்றைக் குளிர்வித்து ஈரத்தைப் பிரிக்கும் இந்த வித்தை சாம்பியன் ரீப்ஸுக்குப் புதிதல்ல. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன இவ்வூர்ச் சுரங்கத்தின் அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டியது. அந்தச் சூட்டில் காற்று ஈரமாகவும் இருந்துவிட்டால் உடம்பில் சுரக்கும் வியர்வை ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் மேலே பெரிய குளிரூட்டும் இயந்திரங்களை நிறுவி, காற்றைக் குளிர்வித்துச் சுரங்கத்துக்குள் அனுப்பினார்கள். உள்ளே வேலை செய்தவர்களின் உயிரைக் காத்த அந்த அறிவியலின் சிறு வடிவம்தான் இந்த டிரையருக்குள் ஓடுகிறது.

இதன் குறைகள் இரண்டு. விலை, சாதாரண டிரையரைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ வரும். நேரமும் கூடுதலாகும், ஒரு சுற்றுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கும். ஆனால் சூடு குறைவாக இருப்பதால் துணிக்கு நல்லது. காற்று உள்ளேயே சுற்றுவதால் வெளித்தூசியை இழுக்காது.

கரண்டும் பிளக்கும்

1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்த மின்சாரம் சுரங்க இயந்திரங்களுக்காக வந்தது. சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் பழைய ஒயரிங் பலவும் விளக்குக்கும் விசிறிக்கும் என்று போடப்பட்டது. 2,000 வாட் ஹீட்டர் டிரையர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் உருகும், ஒயர் எரியும். எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட்டைத் தனி ஒயரில் போட்டபிறகே மெஷினைக் கொண்டுவாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.

கர்நாடகத்தில் 2023 முதல் நடப்பிலுள்ள கிருஹஜோதி திட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் முந்தைய சராசரியோடு சிறிது கூட்டி இலவச அளவு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்குப் பணம். 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லும் கட்ட வேண்டும். மாதம் பன்னிரண்டு முறை ஓட்டினால் ஹீட்டர் டிரையர் 36 யூனிட்டும், ஹீட் பம்ப் 15 யூனிட்டும் சேர்க்கும். பழைய பில்லை எடுத்து வைத்துக்கொண்டு இந்தக் கூட்டலைப் போட்டபின் முடிவெடுங்கள்.

எந்த வீட்டுக்கு எது

ஒன்றிரண்டு அறையுள்ள லைன் வீட்டுக்கு நான் டிரையரைச் சொல்லமாட்டேன். நல்ல ஸ்பின்னரும், கூரையிலிருந்து கயிறும் கப்பியும் வைத்து ஏற்றி இறக்கும் கொடியும் போதும். ஜெர்மானிய நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் தங்கள் ஈர உடுப்புகளைச் சங்கிலியில் மாட்டி, உயரமான கூரைவரை இழுத்துத் தொங்கவிடுவார்கள். சூடான காற்று மேலே சேர்வதால் மறு ஷிப்டுக்குள் காய்ந்துவிடும். நம் வீட்டிலும் மேல்பக்கம்தான் காயும் இடம். துணிக்கும் துணிக்கும் ஒரு கையகல இடைவெளி விட்டு, விசிறியைப் போட்டு, ஈரம் வெளியேறக் காற்றடிக்காத பக்கத்து ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஸ்பின் கொடுத்த மெல்லிய துணி விடிவதற்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

கைக்குழந்தை உள்ள வீடு, படுக்கையில் இருப்பவரைப் பராமரிக்கும் வீடு, தூசி ஒத்துக்கொள்ளாதவர் இருக்கும் வீடு, வேலைக்குப் போகும் நான்கைந்து பேர் உள்ள வீடு: இங்கெல்லாம் தினமும் துணி சேரும், காத்திருக்க முடியாது. கையில் பணமும் சரியான பாயின்ட்டும் இருந்தால் ஹீட் பம்ப் வாங்குங்கள். எப்போதாவது மழைநாளில் மட்டும் ஓட்டுவோம், வெளிச்சுவர் ஒட்டிய இடம் இருக்கிறது, தூசி அதிகம் வராத தெரு என்றால் வென்டட் போதும். கண்டென்சர், குழாய் போட முடியாத வாடகை வீட்டுக்கு.

எதை வாங்கினாலும், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் வடிகட்டியில் படியும் பஞ்சை எடுத்துவிடுங்கள். டிரையர்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீவிபத்துகள் என்று அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் கணித்தபோது, முதல் காரணமாகச் சொன்னது சுத்தம் செய்யாமையைத்தான். சமையல் எண்ணெய் ஊறிய கைப்பிடித் துணியை உள்ளே போடாதீர்கள். பட்டு, ஜரிகை, கம்பளியையும் போடாதீர்கள். சேலையும் வேட்டியும் டிரம்மில் முறுக்கிக்கொண்டு உருண்டையாகும், நடுவில் ஈரம் நிற்கும். பாதி டிரம் அளவே போட்டு, இடையில் ஒருமுறை நிறுத்திப் பிரித்துவிடுங்கள்.

முடிவாக ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும். வெயிலும் காற்றும் இவ்வளவு தாராளமாக உள்ள ஊரில், தூசிக்குப் பயந்து மக்கள் மெஷின் வாங்கும் நிலை வந்திருக்கக் கூடாது. அந்த மண்ணிலிருப்பது நுண்ணிய குவார்ட்ஸ் துகள். அதே பாறைத்தூசிதான் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை அரித்தது. சட்டைக் காலரில் படிவது மூச்சிலும் போகிறது. எந்த டிரையரும் அதைத் தடுக்காது. மண்மேடுகளின்மேல் புல்லும் மரமும் வளர்த்து மண்ணைப் பிடித்துவைப்பது, நிலத்துக்குப் பொறுப்பான அரசின் கடமை. அதைக் கேட்பது சாம்பியன் ரீப்ஸ்காரர்களின் உரிமை. டிரையர் வாங்குபவர்களும் அந்தக் கோரிக்கையில் கையெழுத்திட வேண்டும்.